இடாப்பிலிருந்து கடவுச்சீட்டு வரை: எங்கள் பெயர்களின் கதை

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்துருவம்)



கல்லூரியின் வரலாற்றைப் பேசுவதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இம்மேடையில் பலர் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியையான நான் எடுத்துக்கொண்டது ஒரு சின்னப் பொருள்: எங்கள் பெயர்கள். சின்னது என்று நான் சொன்னாலும், பழைய மாணவிகளின் பெயர்ப்பட்டியலைத் தொகுத்துக்கொண்டிருக்கும் சகோதரிகள் அப்படிச் சொல்லமாட்டார்கள். அனுமதிப் பதிவேட்டில் ஒரு பெயர் இருக்கிறது. மின்னஞ்சலில் வேறொரு பெயர் வருகிறது. இரண்டும் ஒரே ஆள்தானா என்று கண்டுபிடிக்க மூன்று பேருக்குத் தொலைபேசி எடுக்கவேண்டியிருக்கிறது. நாங்கள் தொலைந்துபோனவர்கள் அல்ல. எங்கள் பெயர்தான் போகிற வழியில் மாறிப்போய்விட்டது. அது எப்படி மாறுகிறது, அதற்கு நாங்கள் என்ன செய்யலாம் என்பதே என் பேச்சு.

முதலில் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். எங்கள் பக்கத்துப் பெண்கள் பாடசாலை எதனுடைய பழைய பதிவேட்டையும் முதற்பக்கத்திலிருந்து புரட்டினால், அது ஊரின் வரலாற்றை ஓரளவுக்குச் சொல்லிவிடும். முன்பக்கங்களில் வள்ளியம்மை, தெய்வானை, சின்னப்பிள்ளை, தங்கம்மா, செல்லம்மா, பொன்னம்மா, நாகம்மா. முருகனும் நாகபூசணி அம்மனும் அங்கே இருக்கிறார்கள். தங்கமும் பொன்னும் இருக்கின்றன. பிறகு ஈஸ்வரிகளின் காலம் வருகிறது. பரமேஸ்வரி, மகேஸ்வரி, புவனேஸ்வரி, யோகேஸ்வரி, இராஜேஸ்வரி என்று ஒரு வகுப்பையே நிரப்பிவிடுவார்கள். அதன்பின் சாந்தி, வசந்தி, ஜெயந்தி, சுகந்தி, பத்மினி, நளினி. பிறகு யாழினி, தர்சினி, சுபாசினி என்று 'இனி'யில் முடியும் பெயர்கள். கயல்விழி, தமிழினி, எழில்நிலா என்று தூய தமிழ்ப் பெயர்களும் சேர்ந்துகொள்கின்றன. இன்றைய வகுப்புகளில் அக்சயா, அபிநயா, கபிசா, டிலக்சனா.

பெயருக்கும் புடவைக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. அம்மாவின் காலத்து மோஸ்தர் மகளுக்குப் பழசாகத் தெரியும்; பேத்திக்கு அதுவே புதுசாகத் தெரியும். வள்ளி என்ற பெயர் ஒருகாலத்தில் நாட்டுப்புறமாகக் கருதப்பட்டது. இப்போது வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கு விரும்பி வைக்கிறார்கள். பேரன், பேத்தி என்ற சொற்களையே பாருங்கள். பெயரன் என்பதுதான் பேரன் ஆயிற்று. பாட்டன் பாட்டியின் பெயரைத் தாங்குகிறவர் என்பது அதன் பொருள். கிரேக்கர்களிடமும் இதே வழக்கம் இருக்கிறது: குழந்தைக்குப் பாட்டன் பாட்டியின் பெயரை வைப்பார்கள். ஆனால் எங்கள் வீடுகளில் ஒரு சிக்கல் இருந்தது. மாமனார் மாமியாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. மகளுக்கு மாமியாரின் பெயரை வைத்தால் தாய் அவளை எப்படிக் கூப்பிடுவது? அதற்காகப் பிறந்தவைதான் வீட்டுப் பெயர்களிற் சில: கிளி, ராணி, பேபி, குஞ்சு, பபா. பதிவுப் பெயரைச் சொன்னால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கிளி என்றால் சந்தி மட்டும் தெரியும். மரண அறிவித்தலில் "பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட" என்று நீட்டி எழுதி, பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கிளி என்று போடுகிறோமே, அது காரணத்தோடுதான். அந்த அடைப்புக்குறியைப் பார்த்துத்தான் எத்தனையோ பேர் "ஐயோ, எங்கள் கிளியா!" என்று அறிந்துகொள்கிறார்கள்.

பெயரின் முதலெழுத்தை நட்சத்திரம் தீர்மானிக்கும் வழக்கமும் உண்டு. அச்சுவினியில் பிறந்தால் சு, சே, சோ, லா. ரோகிணி என்றால் ஓ, வா, வீ, வூ. சோதிடர் எழுத்தைத் தந்துவிடுவார். அந்த எழுத்தில் நல்ல பெயர் அகப்படாவிட்டால் பெற்றோர் ஒன்றை உண்டாக்குவார்கள். அகராதியில் இல்லாத பல புதுப் பெயர்கள் இப்படியும் பிறந்தவை. பொருள் இல்லை என்று நாங்கள் ஆசிரியைகள் முகம் சுளிப்பதுண்டு. ஆனால் அந்தப் பிள்ளைக்கு அதுதான் பெயர். அவள் வளர்ந்து நல்லவளாக நடந்தால் அந்தப் பெயருக்குப் பொருள் வந்துவிடும்.

எங்கள் வகுப்புகளில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். அதனால் இடாப்பில் உலகமே இருந்தது. மேரி, மரியாள், மர்யம் என்று மூன்று பெயர்களைக் கூப்பிட்டால் இரண்டு சமயத்துப் பிள்ளைகள் எழும்பி நிற்பார்கள். மூன்றும் ஒரே பெயர். மிர்யாம் என்ற எபிரேயப் பெயர் அரபியில் மர்யம் ஆகவும் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் மரியா ஆகவும் ஆங்கிலத்தில் மேரி ஆகவும் வழங்குகிறது. பாத்திமா இன்னும் சுவையானது. முஸ்லிம் பிள்ளைக்கு அது நபிகள் நாயகத்தின் மகளின் பெயர். கத்தோலிக்கப் பிள்ளைக்கு அது போர்த்துக்கல் நாட்டில் உள்ள பாத்திமா என்ற ஊரின் மாதா. 1917இல் அங்கே மூன்று பிள்ளைகளுக்கு மாதா காட்சி கொடுத்ததாக நம்பிக்கை. அந்த ஊரின் பெயரே அரபியிலிருந்து வந்ததுதான். ஒரே வாங்கில் இருந்த இரண்டு பாத்திமாக்கள் வெவ்வேறு பாதையால் ஒரே பெயருக்கு வந்து சேர்ந்தவர்கள்.

மார்கரெட் என்றால் கிரேக்கத்தில் முத்து. முத்தம்மாவும் மார்கரெட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தபோது இருவருக்கும் ஒரே பெயர் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. சூசன் என்பது எபிரேயத்தில் லில்லிப் பூ. இசபெல்லா என்பது எலிசபெத்தின் இன்னொரு உருவம். சவேரியார் என்ற பெயர் ஸ்பெயினின் வடக்கேயுள்ள ஓர் இடத்தின் பெயர். பாஸ்க் மொழியில் அதற்குப் புதுவீடு என்று பொருள். எங்கள் முன்னோர் சில பெயர்களை ஒலியால் எடுத்துக்கொண்டார்கள். சிலவற்றைப் பொருளால் தமிழாக்கினார்கள். யோவான் என்ற பெயரில் இறைவனின் அருள் என்ற பொருள் இருப்பதால் அவரை அருளப்பர் என்றார்கள். பவுல் என்பதற்கு இலத்தீனில் சிறியவர் என்று பொருள். அவர் சின்னப்பர் ஆனார். பொருளறிந்து செய்த பெயர்ப்பு என்பது இதுதான்.

வடமொழிப் பெயர்களுக்கும் தமிழ் தன் உடுப்பைப் போட்டுத்தான் உள்ளே விட்டது. ரகரத்திலும் லகரத்திலும் தமிழ்ச்சொல் தொடங்குவதில்லை என்பதால் ராணி இராணியானாள், லக்ஷ்மி இலக்குமியானாள், ருக்மிணி உருக்குமணியானாள். பின்னர் 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடக்கிய வேதாசலம், வேதம் என்பதை மறை என்றும் அசலம் என்பதை மலை என்றும் மாற்றித் தாமே மறைமலையடிகள் ஆனார். கயல்விழிகளும் தமிழினிகளும் அந்த வழியில் வந்தவர்கள்.

இதுவரை சொன்னது பெயர் பிறந்த கதை. இனிச் சொல்லப்போவது, அது தமிழெழுத்தை விட்டு வெளியே போனால் என்ன நடக்கிறது என்பது.

தமிழில் ஒரு ககரம்தான் உண்டு. கமலாவில் அது ஓர் ஒலி, கௌரியில் வேறோர் ஒலி, மேகலாவில் இன்னோர் ஒலி. நாங்கள் யோசிக்காமலே சரியாக வாசிக்கிறோம். ஆங்கிலத்தில் எழுதும்போது யாரோ ஒருவர் யோசித்துத் தீர்மானிக்கவேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் தாயோ தகப்பனோ அல்ல. பதிவாளர், பாடசாலை எழுதுவினைஞர், பரீட்சை விண்ணப்பத்தை நிரப்பிய ஆசிரியர், விசா முகவர் என்று யாரோ. செல்வி என்ற பெயரை ஒருவர் சீ-எச் போட்டு எழுதுவார். இன்னொருவர் எஸ் போட்டு எழுதுவார். செல்லையா, சின்னத்தம்பி போன்ற பெயர்களுக்கும் இதே கதை. ஒரே பெயருள்ள இருவர் ஆங்கில அகரவரிசையில் ஒருவர் தொடக்கத்திலும் மற்றவர் கடைசிக்குக் கிட்டவும் போய்விடுவார்கள். சகோதரிகள் இருவர் இப்படிப் பிரிந்த குடும்பங்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கும்.

யாழினியைப் பாருங்கள். ழகரத்துக்கு ஆங்கிலத்தில் எழுத்தில்லை. சிலர் எல் மட்டும் போடுகிறார்கள். யாழ் என்பதற்கு ஆர்-எல் போடுகின்ற எங்கள் ஊர் வழக்கப்படி சிலர் எழுதுகிறார்கள். தமிழ்நாட்டு வழக்கப்படி இசட்-எச் போடுகிறவர்களும் உண்டு. ஒரு யாழினி மூன்று யாழினியாகிவிடுகிறாள். லக்ஷ்மியோ நாட்டுக்கு நாடு வேடம் மாறுகிறாள். தமிழ்நாட்டில் கே-எஸ்-எச், எங்களிற் பலருக்கு எக்ஸ், மலேசியாவில் ரீ-சீ-எச். எழுத்தைப் பார்த்தே எந்தக் கடலோரத்து லக்ஷ்மி என்று சொல்லிவிடலாம்.

ஆங்கிலத்திலிருந்து திரும்பித் தமிழுக்கு வரும்போதுதான் பெரிய சேதம். ஆங்கில எழுத்தில் நெடிலும் குறிலும் தெரியாது. ண, ந, ன மூன்றுக்கும் ஒரே எழுத்து. ல, ள இரண்டுக்கும் ஒரே எழுத்து. கோமதி கொமதியாகிறாள். கலாவாணி கலாவானி ஆகிறாள். பவளம் பவலம் ஆகிறாள். வள்ளியும் வல்லியும் ஒருத்தியாகிறார்கள். தமிழ் தெரிந்த ஒருவரே ஆங்கிலப் பட்டியலைப் பார்த்துத் தமிழில் எழுதினால் இதுதான் நடக்கும்.

சிங்களத்தில் நிலைமை வேறு. சந்திரா, பத்மா, கமலா, மாலினி, இந்திராணி என்று இரு பக்கத்துக்கும் பொதுவான பெயர்கள் நிறைய இருக்கின்றன. வடமொழியும் பாளியும் எங்களுக்குத் தந்த பொதுச்சொத்து அது. சிங்கள எழுத்தில் வல்லின ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்துக்கள் உண்டு. குறிலும் நெடிலும் உண்டு. அந்த வகையில் அது எங்கள் பெயர்களுக்கு ஆங்கிலத்தைவிட நெருக்கமானது. ஆனால் ழகரம் இல்லை. ரகரம் றகரம் என்ற வேறுபாடு இல்லை. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1987இல் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் வந்தது. எங்கள் தலைமுறைப் பெண் ஒருத்தியின் பெயர் பிறப்புச் சான்றிதழில் தமிழிலும், தெற்கில் எடுத்த அடையாள அட்டையில் சிங்களத்திலும், பரீட்சைப் பெறுபேற்றில் ஆங்கிலத்திலும் இருப்பது சாதாரணம். மூன்றையும் வெவ்வேறு கைகள் எழுதின.

இது வேடிக்கைக் கதை அல்ல. மலையகத்திலிருந்து வந்து எங்களோடு விடுதியில் இருந்த தோழிகளின் பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையில் பிறந்தவர் என்பதைக் காட்டச் சொன்னது. தோட்டத்துச் செக்றோலில் ஒரு எழுத்து, பிறப்புப் பதிவில் வேறொரு எழுத்து என்றிருந்தால் முனியாண்டியும் முனியாண்டியும் ஒரே ஆள் என்று எப்படி நிரூபிப்பது? நாடற்றவர் என்ற பெயருக்குப் பின்னால் அரசியல் இருந்தது. அந்த அரசியலோடு மல்லுக்கட்டிய ஏழைகளுக்கு எழுத்துக்கூட்டலும் ஒரு சுமையாயிற்று.

எங்கள் பக்கத்தில் இடப்பெயர்வுகளில் பத்திரங்கள் தொலைந்தன. காணி உறுதியில் அம்மம்மாவின் பெயர் ஒரு விதம், மரணச் சான்றிதழில் இன்னொரு விதம். ஓய்வூதியம், காணி, மகளின் விசா என்று எதற்குப் போனாலும் சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடிக்கவேண்டும்: "மேலே சொல்லப்பட்ட இரு பெயர்களும் என்னையே குறிக்கும்." எனக்குத் தெரிந்த பழைய மாணவி ஒருவர் இந்த ஒரு வசனத்துக்காக ஓர் அலுவலகத்துக்கும் இன்னோர் அலுவலகத்துக்குமாக எட்டு மாதம் அலைந்தார். வித்தியாசம் ஓர் எழுத்து. காலங்கடந்து பிறப்பைப் பதியும்போது பாடசாலைப் பதிவும் சான்றாகக் கேட்கப்படுவதுண்டு. ஆகவே எங்கள் கல்லூரியின் அனுமதிப் பதிவேடு வெறும் ஞாபகப் பொருள் அல்ல. சிலருக்கு அதுவே கடைசிச் சாட்சி.

அடுத்தது தகப்பன் பெயர். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால், எங்கள் பெயர் பின்னால். இது ஒழுங்கான முறை. ஆனால் வெளிநாட்டுப் படிவம் முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்திருக்கிறது. கடைசிப் பெயர் என்ற பெட்டிக்குள் தகப்பன் போகிறார். கலியாணம் முடித்தால் தகப்பன் வெளியே வர, கணவர் உள்ளே போகிறார். கணவரின் கடைசிப் பெயரோ அவருடைய தகப்பனின் பெயர். பிள்ளைகளுக்கு மீண்டும் கணவரின் பெயர். ஒரு வீட்டில் நான்கு பேர், இரண்டு கடைசிப் பெயர். விமான நிலையத்தில் அதிகாரி நிமிர்ந்து பார்த்து, "இவர்கள் உங்கள் பிள்ளைகள்தானா?" என்று கேட்கிறார். ஆசிரியர் தினமும் தகப்பனின் பெயரைச் சொல்லி எங்களைக் கூப்பிடுகிறார். செத்துப்போன அப்பாவை "மிஸிஸ்" என்று அழைக்கக் கேட்டு முதலில் திடுக்கிட்டு, பிறகு பழகிப்போன சகோதரிகள் இங்கே இருக்கிறார்கள்.

இந்த முறை எங்களுக்கு மட்டும் உரியதல்ல. ஐஸ்லாந்தில் இன்றும் பெரும்பாலானோருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயரோடு மகன், மகள் என்ற சொல்லைச் சேர்ப்பார்கள். 1980இல் தேர்தலில் வென்று ஜனாதிபதியாகி 1996 வரை பதவியிலிருந்த விக்டிஸ் ஃபின்பொகாடோட்டிர் அம்மையாரின் இரண்டாவது பெயருக்கு ஃபின்பொகியின் மகள் என்றுதான் பொருள். அந்த 'டோட்டிர்' ஆங்கிலத்து 'டோட்டர்' என்பதற்கும் வடமொழியின் 'துஹிதா' என்பதற்கும் உறவுச் சொல். ஐஸ்லாந்துப் பெண் திருமணத்தால் பெயரை மாற்றுவதில்லை. ஜனாதிபதியையும் சொந்தப் பெயரால்தான் அழைக்கிறார்கள். தொலைபேசிப் புத்தகத்தையே சொந்தப் பெயர் வரிசையில் அச்சிட்டார்கள். ஒரு சின்ன நாடு, ஐரோப்பாவுக்கு நடுவே பெட்டிக்குத் தக்கபடி ஆளை மாற்றாமல் ஆளுக்குத் தக்கபடி பெட்டியை வைத்திருக்கிறது. ரஷ்யாவிலும் ஆசிரியையை மரியாதையாக அழைப்பதென்றால் சொந்தப் பெயரையும் தகப்பன் வழிப் பெயரையும் சேர்த்துத்தான் அழைப்பார்கள். 1963இல் விண்வெளிக்குச் சென்ற முதற்பெண் வலன்ரீனா விளாதிமீரவ்னா தெரெஷ்கோவா. நடுவில் உள்ளது விளாதிமீரின் மகள்.

திருமணத்துக்குப் பின்னும் பிறந்த பெயரோடு இருப்பது பற்றி ஒரு செய்தி. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் பெண்கள் திருமணத்தின் பின்னும் தங்கள் பிறப்புப் பெயரையே சட்டப்படி பயன்படுத்துகிறார்கள். பிரான்சிலும் சட்டப்படியான பெயர் பிறப்புப் பெயர்தான். கணவரின் பெயர் விரும்பினால் வழக்கில் வைத்துக்கொள்ளும் பெயர். கணவரின் பெயரை எடுப்பதும் எடுக்காததும் அவரவர் விருப்பம். ஆனால் எடுத்தவர்களை எங்கள் பட்டியலில் தேடிப்பிடிக்க முடியவேண்டும். எங்கள் பதிவேட்டில் அவர்கள் இன்னாரின் மனைவியாக அல்ல, இன்னாரின் மகளாகத்தான் இருக்கிறார்கள்.

இனி உச்சரிப்பு. எழுத்து சரியாக இருந்தாலும் வாசிக்கிறவர் தன் மொழியில்தான் வாசிப்பார். ஜேர்மனியிலும் நோர்வேயிலும் ஜே என்ற எழுத்துக்கு யகர ஒலி. ஜெயந்தி அங்கே யெயந்தி ஆவாள். பிரெஞ்சிலும் ஜேர்மனிலும் ரீ-எச் இரண்டும் சேர்ந்தாலும் எச் பேசாது. வசந்தி வசன்ரி ஆவாள். பிரெஞ்சில் சீ-எச் என்பது ஷகர ஒலி, சந்திரா 'ஷான்'தான். கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் வாசிக்கும் இரண்டு வரிகள் இருக்கின்றன. ஒவ்வொரு வரியிலும் 44 இடங்கள். பெயர்களுக்கு அதில் 39. எங்கள் நீண்ட பெயரும் தகப்பனின் நீண்ட பெயரும் சேர்ந்தால் வால் வெட்டுப்பட்டுவிடும். பாலசுப்பிரமணியத்தின் மகள்மாருக்கு நான் சொல்வது விளங்கும்.

எங்களுக்கு முன்னே கடல் கடந்தவர்களின் கதையையும் பாருங்கள். 1860 முதல் தென்னாபிரிக்காவின் நேற்றாலுக்குக் கப்பலேறிய கூலிகளின் முனிசாமி அங்கே மன்சாமி என்ற குடும்பப் பெயராக நிற்கிறது. மொரீசியசில் சுப்பிரமணியம் பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்த எழுத்தில் சூப்பிரமணியன் என்று தலைமுறைகளாகத் தொடர்கிறது. யாரோ ஒருவர் கப்பல் பட்டியலில் எழுதியது கல்லெழுத்தாயிற்று. அந்த மக்கள் தங்கள் பெயரைக் கைவிடவில்லை. எழுதும் கை அவர்களிடம் இருக்கவில்லை. எங்களிடம் இருக்கிறது. இந்த நூறு வருடம் எங்களுக்குத் தந்த முதலாவது கொடை அதுதான்: எங்கள் பெயரை நாங்களே எழுதும் கல்வி.

பேரப்பிள்ளைகளுக்குப் பெயர் தேடும் சகோதரிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, வெள்ளைக்காரரும் சொல்லக்கூடிய தமிழ்ப் பெயர் ஏதும் உண்டா என்று. உண்டு. நிலா, மாயா, மீரா, மாலா, தாரா. தாரா அயர்லாந்தில் புகழ்பெற்ற ஒரு குன்றின் பெயர். மீரா என்ற ஒலி சிலாவிய மொழிகளிலும் பெண் பெயராக வழங்குகிறது. அனிதா ஸ்பானிய மொழியில் ஆனாவின் செல்லப் பெயர். ஆனால் சொல்லச் சுலபமான பெயர்தான் வைக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். போலந்துக்காரரின் பெயரையும் இலங்கைச் சிங்களவரின் நீண்ட பெயர்களையும் உலகம் சொல்லப் பழகிக்கொண்டது. ஆனந்த குமாரசுவாமியின் பெயரை அறிஞர் உலகம் முழுதாகத்தான் சொல்கிறது. கயல்விழியைச் சொல்லத் தெரியாத ஆசிரியருக்கு ஒருதரம் நிதானமாகச் சொல்லிக்கொடுக்கப் பிள்ளைக்குப் பழக்கினால் போதும். வெட்கப்பட்டு 'கே' என்று சுருக்கிக்கொள்ளத் தேவையில்லை. அவளாக விரும்பிச் சுருக்கினால் அது வேறு விடயம்; அது வீட்டுப் பெயர் மாதிரி.

நிறைவாகச் சில நடைமுறை வேண்டுகோள்கள்.

ஒன்று, பிள்ளையின் பிறப்பைப் பதியப் போகுமுன், தமிழ் எழுத்தையும் ஆங்கில எழுத்தையும் ஒரு துண்டில் தெளிவாக எழுதிக்கொண்டு போங்கள். அலுவலரை ஊகிக்க விடவேண்டாம். சான்றிதழை வாங்கியவுடன் வாசலைத் தாண்டுமுன் எழுத்தெழுத்தாக வாசியுங்கள். பிழை இருந்தால் உடனே திருத்த விண்ணப்பியுங்கள். 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் பெயரைச் சேர்க்கவும் மாற்றவும் பிழை திருத்தவும் வழி இருக்கிறது.

இரண்டு, எந்த எழுத்தைத் தெரிந்தாலும் எல்லாப் பத்திரத்திலும் அதையே வைத்திருங்கள். எண்சாத்திரம் பார்த்து நடுவழியில் ஓர் எழுத்தைக் கூட்டுகிறவர்கள், அந்த எழுத்தின் பின்னால் வரும் சத்தியக்கடதாசிகளையும் எண்ணிப்பார்க்கவேண்டும்.

மூன்று, ஆசிரியைகளுக்கு. பரீட்சை விண்ணப்பத்தில் பிள்ளையின் பெயரை எழுதுமுன் பிறப்புச் சான்றிதழைப் பாருங்கள். பிள்ளையிடமும் கேளுங்கள். அவளுடைய ண எந்த ண என்று அவளுக்குத் தெரியும்.

நான்கு, பழைய மாணவிகள் அனைவருக்கும். வாசலில் ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டுக் கிளைகளுக்கும் அனுப்பப்பட்டிருக்கிறது. இந்த மலரை வேறெங்கோ இருந்து வாசிப்பவர்களும் சங்கத்துக்கு எழுதலாம். நான்கு விடயம் போதும்: படித்த காலத்தில் தமிழில் எழுதிய பெயர், தகப்பனின் பெயர், இன்று கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டல், கல்லூரியில் இருந்த வருடங்கள். ஐந்தாவதாக, வகுப்பில் உங்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதையும் எழுதுங்கள். கிளி, பேபி, குட்டை மகேஸ், நெட்டை மகேஸ், எதுவானாலும் சரி. உங்கள் தோழி உங்களைத் தேடுவது அந்தப் பெயரால்தான். இன்று நம்மோடு இல்லாதவர்களுக்காக அவர்களின் பிள்ளைகளோ உறவினரோ நிரப்பலாம். தமிழெழுத்தில் எழுதத் தெரியாத பேத்தியாக இருந்தால் பாட்டியின் பெயரை அவளைச் சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதிக்கொள்ளச் சங்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள்.

அடுத்த நூற்றாண்டில் இப்பட்டியலைப் புரட்டப்போகிறவர்கள் முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளின் பேத்திகள். அவர்களுக்கு ஒரு கோமதி கோமதியாகவே கிடைக்கவேண்டும்.

எம்மை எழுத்தறிவித்து வளர்த்த கல்லூரி அன்னை நீடு வாழ்க.